பிள்ளைகள் கொட்டாவி விடாத வகுப்பு: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 20 வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள் நான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடும் குறுவளமையப் பயிற்சிகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். மேடையில் பவர்பாயின்ட் ஓடும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள், கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவிகள், தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் தோழிகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை.

புதுமையான கற்பித்தல் என்றால் ஆட்டமும் பாட்டும்தானா?

ஆடிப் பாடினால் பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிள்ளையிடம் அம்மா "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்க, "டான்ஸ் ஆடினோம்" என்று மட்டும் பதில் வந்தால் பாடம் நடக்கவில்லை என்று அர்த்தம்.

நான் ஒன்றைத்தான் உரசிப் பார்ப்பேன். அந்த 40 நிமிடத்தில் யார் யோசித்தார்கள்? நான் மட்டும் யோசித்து, நானே பேசி, நானே பொம்மையை ஆட்டியிருந்தால் எவ்வளவு வண்ணம் அடித்தாலும் அது பழைய வகுப்புதான். கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு ஓரமாக நிற்கிறேன். 30 பேரும் அந்த வரிக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றால், என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு வகுப்பு நன்றாக நடந்திருக்கிறது.

காசு செலவில்லாமல், நாளைக்கே செய்யக்கூடியதாக ஒன்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடி வாயை மூடிக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டு, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்து பார்த்தார். ஒரு நொடி, சில நேரம் அதுகூட இல்லை. அதற்குள் ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுகிறார், அல்லது வேறு பிள்ளையைக் கூப்பிட்டுவிடுகிறார். மூன்று நொடிக்கு மேல் பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் இன்னொரு இடத்தையும் சுட்டிக்காட்டினார். பிள்ளை பதில் சொன்ன அடுத்த கணமே "வெரி குட்" என்று பாய்கிறோமே, அங்கேயும் மூன்று நொடி பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை "இல்ல டீச்சர், ஆனா..." என்று தன் பதிலைத் தானே திருத்திக்கொள்ளும்.

வகுப்பில் மூன்று நொடி என்பது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். முதல் வாரம் என்னால் முடியவே இல்லை. முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணினேன்.

எந்தக் கேள்வி கேட்டாலும் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களை எப்படி இழுப்பது?

கை தூக்கச் சொல்வதை நிறுத்துங்கள். சிலேட்டு இருக்கிறதல்லவா? எல்லோரும் விடையை எழுதி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பார்வையில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். பக்கத்துச் சிலேட்டை எட்டிப் பார்க்கும் கள்ளப் பார்வைகளும் தெரியும், அதுவும் ஒரு தகவல்தான்.

பேசிச் சொல்ல வேண்டிய கேள்வி என்றால் முதலில் தனியாக யோசிக்க அரை நிமிடம், அப்புறம் பக்கத்துப் பிள்ளையோடு பேச ஒரு நிமிடம், அதற்குப் பிறகே வகுப்புக்குச் சொல்வது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981ல் எழுதிவைத்த முறை இது. பயிற்சிகளில் இதைப் பெரிய பெயர் சொல்லிச் சொல்லித் தருவார்கள். விஷயம் என்னவோ எளிதுதான்: பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்த பதிலை, எல்லோர் முன்னாலும் சொல்ல அவ்வளவு பயம் இருக்காது.

ஐஸ் குச்சியில் பெயர் எழுதி டப்பாவில் போட்டு, குலுக்கி எடுக்கும் முறையும் நல்லதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை. எடுத்த குச்சியைத் தனியாக வைக்காதீர்கள், மறுபடியும் டப்பாவிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தடவை பெயர் வந்த பையன் அன்றைக்கு முழுக்க விடுதலை பெற்றுவிடுவான்.

கணக்கு வகுப்பில் என்ன செய்வது? குறிப்பாகப் பின்னம்.

இதைக் கேட்காத ஆசிரியர் இல்லை. அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நாலாம் வகுப்பு. "கால் பெருசா, எட்டில் ஒன்று பெருசா?" என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் "எட்டில் ஒண்ணு!" ஏனென்றால் நாலைவிட எட்டு பெரியது. முழு எண்ணில் மூன்று வருடம் பழகிய மூளைக்கு அது நியாயமான பதில்தான். வட்டம் வரைந்து கோடு போட்டு வண்ணம் அடித்துக் காட்டினேன். "ஆமா டீச்சர்" என்றார்கள். அடுத்த நாள் கேட்டால் மறுபடியும் எட்டில் ஒன்று.

அப்போதுதான் வீட்டுப் பரணில் கிடந்த, தானியம் அளக்கும் பழைய படி ஞாபகத்துக்கு வந்தது. படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் எடுத்து வந்தேன். எங்கள் பக்கம் படிக்கு நாலு உழக்கு, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. அரிசிக்குப் பதிலாக ஆற்று மணல். "ஆழாக்கால அளந்து படியை நிரப்புங்க, எத்தனைன்னு சொல்லுங்க" என்று சொல்லி விலகி நின்றேன். முதல் குழு எட்டு என்றது. இரண்டாவது குழு ஏழு என்றது. உடனே சண்டை. "நீ தப்பா எண்ணுன!" "நீதான் தப்பு!" இரண்டாவது குழு அளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் குழுப் பையன் ஒவ்வொரு ஆழாக்கையும் கோபுரமாகக் குவித்து அள்ளுகிறான். நான் சொல்வதற்குள் ஒரு பெண், அவள் பாட்டி சந்தையில் பயறு விற்பவர், "தலை தட்டி அளக்கணும்டா!" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். பங்குகள் எல்லாம் சமமாக இருந்தால்தான் அது பின்னம். இந்த விதியைப் புத்தகம் ஒரு கட்டத்துக்குள் அச்சடித்து வைத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் அது பாட்டியின் சொல்லாக வந்து சேர்ந்தது.

பிறகு உழக்கால் அளந்தார்கள், நாலு. "இப்போ சொல்லுங்க, எது பெருசு?" ஒரு பையன் மெதுவாகச் சொன்னான், "எட்டு தடவை ஊத்தணும்னா சின்னதாத்தானே டீச்சர் இருக்கும்." அவனிடம் நான் "சரி" என்றுகூடச் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்தேன், அவர்களே சொல்லிவிட்டார்கள். கரும்பலகையில் 1/4, 1/8 என்று அப்போதுதான் எழுதினேன்.

தமிழில் இன்னொரு வசதி இருக்கிறது. எட்டில் ஒன்றுக்கு நம் பழைய பெயர் அரைக்கால். காலில் பாதி. பெயருக்குள்ளேயே விடை உட்கார்ந்திருக்கிறது. பதினாறில் ஒன்றுக்கு மாகாணி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்த காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை, அந்த மனப்பாடத்தில் அடியும் நிறைய இருந்தது. ஆனால் அரைக்கால் என்ற சொல்லை ஒரு தடவை வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

பல்லாங்குழியும் நல்ல கருவி. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை என்றால் மொத்தம் எத்தனை என்ற கேள்வியிலேயே பெருக்கல் வந்துவிடும். பகிர்ந்து போடும்போது மீதி வருவது வகுத்தல்.

ஆய்வகம் இல்லாத பள்ளியில் அறிவியல் எப்படி?

1972ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் பரிசோதனை செய்துதான் படிக்க வேண்டும், அதுவும் கிராமத்தில் கிடைப்பதை வைத்து. அங்கே போய் வேலை செய்தவர்களில் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், லாரி தயாரிக்கும் கம்பெனியில் வேலை. கிராமச் சந்தையில் சைக்கிள் வால்டியூப்பை, அதாவது டியூப் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயைப் பார்த்து, அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை இணைக்கும் மூட்டாக மாற்றினார். குப்பையில் இருந்து பொம்மை என்று பின்னால் புகழ்பெற்ற அவருடைய வேலை அந்தத் துண்டில் தொடங்கியது. 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதை நீங்களே செய்து பாருங்கள். மருந்தைச் சுரண்டி எடுத்த மூன்று தீக்குச்சி, மூன்று வால்டியூப் துண்டு. முக்கோணம். அழுத்தினால் அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையில் தள்ளினால் உடனே சாய்சதுரமாகப் படுத்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே, கொஞ்சம் நீளமான ஒரு குச்சி வைத்தால் மறுபடி நிமிர்ந்து நிற்கும். சரி, இப்போது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வயல்வெளியில் நிற்கும் உயர் அழுத்த மின்கோபுரத்தைத் தூரத்தில் இருந்து காட்டுங்கள். "அதுல ஏன் இவ்ளோ முக்கோணம்?" என்ற கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

புது சைக்கிள்கள் பலவற்றில் வால்டியூப் கிடையாது. பழைய சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டால் உள்ளே தேடி எடுத்துத் தருவார்.

செயல்வழிக் கற்றல் என்று ஒன்று வந்ததே, அது என்ன ஆச்சு?

நான் பணிக்கு வந்த காலத்தில் அதுதான் எல்லோர் வாயிலும். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளி இருக்கிறது. அதைச் சேர்ந்த ஊரகக் கல்வி மையத்தில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் சிறு பள்ளிகளுக்காக அட்டைகளை வைத்து ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வழியாக 2007-08ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

அதைப் பார்க்காதவர்களுக்காக: வகுப்பில் பெஞ்சு இல்லை, பாய். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழே இறக்கிய கரும்பலகை, ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணி அட்டை. பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டில் இருந்து எடுத்து, அதற்கான குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, பாதி உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே செய்யும் குழு, மதிப்பீடு என்று குழுக்கள். காய்ச்சலில் பத்து நாள் லீவு போட்ட பிள்ளை திரும்பி வந்து, விட்ட படியிலேயே காலை வைக்கலாம். வகுப்பு அவளை விட்டுவிட்டு ஓடியிருக்காது. அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்த முறை பிடிக்கும்.

சிக்கலும் இருந்தது. அட்டை கிழியும், தொலையும், மாற்று வராது. ஏணியில் ஏறுவதே குறியாகி, அட்டையை முடித்தால் போதும் என்று ஓடும் பிள்ளைகள் இருந்தார்கள். அட்டை இயந்திரமாகிவிட்டது என்று நானே அலுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. "புக்கு இல்ல, ஹோம்வொர்க் இல்ல, கீழ உக்கார வைக்கிறீங்க" என்று பெற்றோர் தனியார் பள்ளி வேனைப் பார்த்து ஏங்கினார்கள். 2012-13ல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது பாடநூலோடு சேர்த்து எளிமைப்படுத்தினார்கள். அப்புறம் அட்டைகள் மெல்ல மெல்ல பீரோவுக்குள் போயின.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து திறந்தபின், 2022-23ல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை, அடுத்த வருடம் 4, 5. பிள்ளைகளை வயதை வைத்துப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிப்பதில் பழைய ஏணியின் வாசனை அடிக்கிறது. ஆடல், பாடல், கதைக்களம் எல்லாம் அதில் உண்டு. செயலியில் பதிவேற்றும் வேலையும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

குழு வேலை கொடுத்தால் ஒருவன் செய்கிறான், மீதி நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஒருவனே செய்து முடிக்கக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். 1971ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை முதல்முறையாக ஒன்றாக உட்கார வைத்தபோது வகுப்புகளில் அடிதடி வந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரை அழைத்தார்கள். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்ற துண்டுகள் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டே ஆக வேண்டும். பிடிக்காதவன் பேசினாலும் காது கொடுக்க வேண்டும்.

நம் ஊரிலும் யார் யாரோடு உட்கார மாட்டார்கள் என்ற கதை வகுப்புக்குள் இருக்கிறது, நாம் பேசுவதில்லை அவ்வளவுதான். நான் இந்த முறையைச் சமூக அறிவியலில் பயன்படுத்துவேன். ஐவகை நிலம் பாடத்தைக் குழுவில் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு நிலமாகப் பிரித்துக் கொடுப்பேன். வெவ்வேறு குழுவில் இருக்கும் குறிஞ்சிக்காரர்கள் எல்லோரும் முதலில் ஒன்றாகக் கூடி, என்ன சொல்ல வேண்டும் என்று பேசித் தீர்மானிப்பார்கள். மருதக்காரர்களும் அப்படியே. பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி வந்து சொல்லித் தருவார்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இந்த இடைக் கூட்டம் மிக முக்கியம். அதை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை குழுவில் அவமானப்பட்டுப் போகும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளையை வைத்து மற்றவர்களுக்குச் சொல்லித் தரலாமா?

தரலாம். இது ஊருக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லித் தரும் மூத்த மாணவனாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். பெரிய ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். வேலை நடந்தது. பெல் ஊர் திரும்பி 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட, சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

என் கவலை வேறு. சில வகுப்புகளில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி வருடம் முழுக்கச் சம்பளம் இல்லாத டீச்சராகவே இருக்கிறாள். அவளுக்குப் புதிதாக யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. சட்டாம்பிள்ளை வேலையைச் சுற்றில் விடுங்கள். கணக்கில் பின்தங்கியவன் மாடு, ஆடு, செடி கொடி பற்றிய பாடத்தில் ஊருக்கே வாத்தியாராக இருப்பான்.

மொழிப் பாடத்தில் நாடகம் போட்டால் நேரம் போதுமா?

வேடம், திரைச்சீலை, ஒத்திகை என்று போனால் போதாது. நான் போடுவது 15 நிமிட விசாரணை. ஐந்தாம் வகுப்பில் புகார்க் கடிதம் எழுதும் பாடம். "அனுப்புநர், பெறுநர்" என்று தொடங்கினாலே பிள்ளைகள் கண் சொக்கும். அதனால் காக்கா, நரி, வடைக் கதையை எடுத்தேன். எல்லோருக்கும் தெரிந்த கதை. காக்கா நீதிபதியிடம் வருகிறது: "ஐயா, நரி என்னை ஏமாத்தி வடையைப் பிடுங்கிருச்சு." நரியாக நின்ற பையன் சளைக்கவில்லை: "நான் பிடுங்கல ஐயா. பாடச் சொன்னேன், அதுவே போட்டுருச்சு." நீதிபதி திணறினான். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல்: "ஐயா, அது என் வடை! இந்தக் காக்காதான் மொதல்ல திருடுச்சு!" பாட்டியாக யாரையும் நான் நிறுத்தவே இல்லை. அந்தப் பெண்ணே முந்தானை மாதிரித் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு "அவரவர் புகாரை எழுதிக் கொடுங்கள், வாய்ச்சொல் செல்லாது" என்று நீதிபதி சொன்னதும் 32 பேரும் எழுதினார்கள். நாள், இடம், நடந்தது என்ன, என்ன நியாயம் வேண்டும். கடிதத்தின் உறுப்புகள் எல்லாம் தானாக வந்து விழுந்தன. பெறுநரில் ஒருத்தி "உயர்திரு காட்டு நீதிபதி அவர்கள்" என்று போட்டிருந்தாள். எழுத்துப்பிழைகளை அடுத்த நாள் பார்த்துக்கொண்டோம்.

துணைக்கருவி செய்யவே சம்பளத்தில் பாதி போகிறது.

போக வேண்டாம். தெர்மாகோல், மினுக்குத்தாள், சார்ட் எல்லாம் பார்வையாளர்களுக்காக. தொட முடியாத உயரத்தில் தொங்கும் சார்ட்டைப் பிள்ளை இரண்டாவது நாளில் இருந்து பார்ப்பதே இல்லை. பால் பாக்கெட், காலண்டர் அட்டை, பேருந்து டிக்கெட், ரேஷன் கடை ரசீது, மளிகைச் சிட்டை போதும். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவிப் பழக்குவது மாண்டிசோரி அம்மையார் முறை. அவர் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒரு தாளில் பல எழுத்து வரும்.

ஸ்மார்ட் போர்டு, க்யூ.ஆர். கோடு வீடியோ?

எரிமலை வெடிப்பதையும் இதயம் துடிப்பதையும் நான் வாயால் சொல்வதைவிட வீடியோ நன்றாகக் காட்டும். ஆனால் பாதியில் நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, சிலேட்டில் எழுத வைத்துவிட்டு ஓட்டுங்கள். விதை முளைப்பதற்கு வீடியோ வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையில் பச்சைப் பயறு போட்டால் மூன்று நாளில் தெரிந்துவிடும்.

சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள் என்கிறார்களே? பிரித்துச் சொல்லித் தர வேண்டுமா?

வேண்டாம். 2008ல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நாலு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இன்னும் பயிற்சிகளில் அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். பாடத்துக்கு எது பொருந்துமோ அதைச் செய்யுங்கள். வரைபடத்தைக் கண்ணால்தான் படிக்க வேண்டும், பாட்டைக் காதால்தான் கேட்க வேண்டும், யாராக இருந்தாலும்.

வகுப்பில் சத்தம் அதிகமாகிறது. பார்வைக்கு வந்தவர் என்ன நினைப்பார்?

ஒரு முறை பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் வாசலிலேயே நின்று, "டீச்சர் கிளாஸ்ல இல்லையா?" என்று கேட்டார். நான் பிள்ளைகள் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் அழுகைதான் வந்தது.

சத்தத்தை அடக்க "ஏய்!" என்று கத்தினால் இன்னொரு சத்தம் சேரும், அவ்வளவுதான். எங்களுக்குள் ஒரு தாளம் வைத்துக்கொண்டோம். நான் இரண்டு தட்டுத் தட்டினால் அவர்கள் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கையைக் கட்ட வேண்டும். ஒரு வாரம் பழக்கினேன். பக்கத்து வகுப்பு டீச்சருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இன்றைக்கு மூன்றாவது பீரியட் சந்தைக்கடை என்று. முடிந்தால் வேப்ப மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

இதெல்லாம் செய்தால் போர்ஷன் எப்போது முடிப்பது? பரீட்சை இருக்கிறதே?

பத்தாம் வகுப்பு எடுக்கும் தோழி இதைக் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அவளுக்குப் படியும் ஆழாக்கும் தூக்கிக்கொண்டு வரச் சொல்ல மாட்டேன். ஐந்து நிமிடம் போதும்.

2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு அதிகம் தங்கியிருந்தது. நோட்டைப் பார்த்து இருபது தடவை எழுதும் இம்போசிஷன் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

அதனால் தோழி இப்போது வகுப்பு தொடங்கியதும் மூன்று கேள்வி போடுகிறாள். ஒன்று நேற்றைய பாடம், ஒன்று போன வாரம், ஒன்று போன மாதம். நோட்டைத் திறக்கக் கூடாது. மதிப்பெண் கிடையாது, அதில் கறாராக இருக்கிறாள். மதிப்பெண் வந்தால் காப்பி வந்துவிடும். அப்புறம் நோட்டைத் திறந்து அவரவரே வேறு நிற மையில் திருத்திக்கொள்ள வேண்டும்.

வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தாதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண் இரண்டாம் வகுப்பில் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. கை பொம்மையிடம் பேசினாள். காலுறையில் பொத்தான் தைத்துச் செய்த கிளி. கிளி கேட்டால் பதில், நான் கேட்டால் மௌனம். சரி என்று கிளியே வருகைப் பதிவு எடுத்தது. ஏதாவது வீட்டுப் பிரச்சினை இருக்கலாம், காது கேட்பதில் சிக்கல் இருக்கலாம், வீட்டில் பேசும் மொழி வேறாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் எந்த உத்தியும் பலிக்காது.

ஒரு புதிய முறையை முயன்று சொதப்பிவிட்டால்?

சொதப்பும். எனக்குப் பெரிதாகச் சொதப்பியது ஐந்தாம் வகுப்புச் சந்தை. பணக் கணக்குக்காக ஆளுக்கொரு காய்கறி கொண்டு வரச் சொல்லி, பள்ளி வளாகத்தில் கடை போட வைத்தேன். தராசு, விலைப்பலகை, பேரம் என்று முதல் கால் மணி நேரம் பிரமாதம். பிறகுதான் கவனித்தேன், ஒரு பையன் வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் வீட்டில் அன்றைக்கு எடுத்து வர ஒன்றும் இல்லை. பணக் கணக்கு சொல்லித் தரப் போய், யார் வீட்டில் பணம் இல்லை என்பதை வகுப்புக்குக் காட்டிவிட்டேன். அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நானே வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன்.

வகுப்பு முடிந்ததும் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எது ஓடியது, எது ஓடவில்லை, அடுத்த முறை என்ன. அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வீட்டிலிருந்து எதுவும் கேட்காதே. பள்ளித் தோட்டத்து முருங்கைக்காய், கீரை, களிமண் தக்காளி. காகிதப் பணம் எல்லோருக்கும் ஒரே தொகை. தராசு அவனிடம்."

அடுத்த சந்தையில் அவன்தான் தராசு பிடித்தான்.